தண்டின் கடைத்தெரு

பெங்களூரில் நம்மவர் பெரும்பாலும் குடியேறிய பகுதியைக் கன்னட மக்கள் 'தண்டு' என்று வழங்குவர். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் படை பாளையம் இறங்கிய இடமாதலின் அப்பெயர் பெற்றது. அப்படையின் பின்னே வந்தவர்களே நம் முன்னோர். படையாட்களும், அவர்க்குச் சோறு சமைத்தோரும், துணி வெளுத்தோரும், கல் உடைத்துக் கட்டடம் எழுப்பியோரும், ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து தலைச்சுமையோடு வந்த சிறு வணிகரும் அவருள் அடங்குவர். ஆட்சியாளர் போயினர், அவர்க்காகத் தோன்றிய கடைத்தெரு நின்றுவிட்டது. சிவாஜி நகரின் சந்துகளில் நாராயண பிள்ளை தெரு, வீரப் பிள்ளை தெரு, தர்மராஜா கோயில் தெரு எனக் கன்னட எழுத்தில் தீட்டிய பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடப்பவர்க்கு இவ்வரலாற்றைத் தனியே எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இப்ராகிம் சாகிபு தெருவும் அவற்றோடு தோள் உரசியே கிடக்கிறது.

சிலப்பதிகாரம் கற்றோர் புகார் நகரின் நாளங்காடியை அறிவர். மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாய்க் கிடந்த ஊரின் நடுவே, மரச்சோலையின் நிழலில் அவ்வங்காடி அமைந்திருந்தது. பெங்களூரும் நெடுங்காலம் இரட்டை ஊராகவே இருந்தது. மேற்கே 1537-இல் கெம்பே கௌடர் கண்ட பேட்டை. கிழக்கே நம் தண்டு. 1862 முதல் இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி. இடையே 1870-இல் கப்பன் பூங்கா அமைந்தது. ஆனால் இங்கே சோலையில் அங்காடி இல்லை. பேட்டைக்கு ஒரு சந்தை, தண்டுக்கு ஒரு சந்தை. 1949-இல் இரு நகராட்சிகளும் ஒன்றாயின, சந்தைகள் ஒன்றாகவில்லை. நம் தாய்மார்கள் மல்லிகை வாங்கக் கிருஷ்ணராஜேந்திரச் சந்தைக்குச் செல்வது ஊர்ப்பயணம் போலவே நெடுநாள் இருந்தது. காய்கறிக்கும் கனிக்கும் 1927-இல் எழுந்த ரசல் சந்தையே போதுமானதாயிருந்தது.

அக்கடைத்தெரு இன்று தளர்ந்திருக்கிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. 2012 பிப்ரவரியில் ரசல் சந்தையில் தீப்பிடித்துக் கடைகள் பல சாம்பலாயின. பின்னர்ச் சுரங்க இரயிலுக்காகச் சிவாஜி நகர் நிலத்தைத் தோண்டிய ஆண்டுகளில், வாடிக்கையாளர் பலர் வழி மாறிப் போயினர்; போனவர் எல்லாரும் திரும்பிவிடவில்லை. குளிரூட்டிய பேரங்காடிகள் ஊரெங்கும் எழுந்தன. எல்லாவற்றினும் பெரிய காரணம் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. பாத்திரக்கடை வைத்துப் படிக்க வைத்த பிள்ளை வைட்ஃபீல்டில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறான். கடையின் சாவியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பிள்ளையைக் குறை சொல்லுதல் தகாது. அவன் கடையில் உட்காரக் கூடாது என்பதற்காகத்தானே தகப்பன் கடையில் உட்கார்ந்தான்!

2015 ஆகஸ்டு மாதம் மாநகராட்சித் தேர்தல் வந்தது. 198 வட்டங்கள். நம் வட்டத்து வேட்பாளர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் தெருக்கோடியில் நாற்காலிகள் இடச்செய்து, கடைத்தெருவைப் புதுப்பிக்கும் திட்டத்தை விளக்கினார். கன்னடத்தில் தொடங்கி, கூட்டத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார், நல்ல தமிழ்தான். தெருமுகப்பில் அலங்கார வளைவு கட்டுவாராம். ஊர்திகள் நிற்கப் பன்மாடிக் கட்டடம் எழுப்புவாராம். பழைய கடைகளை எடுத்துவிட்டு மின்படியுடன் கூடிய வணிக வளாகம் அமைப்பாராம். இளைஞர் கை தட்டினர். நாமும் தட்டினோம்.

அப்போது பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓரமாய் நின்றிருந்த அம்மையார் ஒருவர் கேட்டார்: "தம்பி, பூவுக்குத் தெளிக்கத் தண்ணிக்குழாய் ஒண்ணு வரும்களா? பொம்பளைங்க ஒதுங்க ஓர் இடம்?"

"அம்மா, அதெல்லாம் மாநகராட்சி பார்க்க வேண்டிய வேலை."

"நீங்க மாநகராட்சிக்குத்தானே தம்பி நிக்கிறீங்க?"

கூட்டம் சிரித்தது; வேட்பாளரும் சிரித்தார். குறித்துக்கொள்வதாகச் சொல்லி அடுத்த தெருவுக்குப் போனார். அவரை இகழ்வதற்காக இதனை எழுதவில்லை. வளைவு கண்ணுக்குத் தெரியும், வடிகால் தெரியாது. ஐந்தாண்டில் மீண்டும் மக்கள் முன் நிற்க வேண்டியவர் கண்ணுக்குத் தெரிவதையே நாடுவார். ஆயினும் கடைத்தெருவின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அன்று அறிந்து பேசியவர் அந்த அம்மையார் ஒருவரே.

கடைத்தெரு நடந்து வருவோரால் வாழ்வது. கொத்துமல்லிக் கட்டு வாங்க வந்தவர் வழியில் பாத்திரம் பார்ப்பார். வளையல் வாங்க வந்தவர் வெற்றிலை வாங்குவார். இதனைப் பிறநாட்டாரும் பட்டே கற்றனர். கோபன்ஹேகன் நகரில் 1962-இல் தலைமைக் கடைவீதிக்குள் ஊர்திகளைத் தடுத்தபோது வணிகர் பலர் தம் வாழ்வு போயிற்று என்றே அஞ்சினர். பின்னர் அவ்வீதியே அந்நகரின் பெருமையாயிற்று. அமெரிக்கப் பெருமாட்டி ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் வெளியிட்ட நூலில், ஒரு பகுதி செழிக்கப் பழைய கட்டடங்களும் வேண்டும் என வாதிட்டார். குறைந்த வாடகை இருந்தால்தான் சிறு முதலோடு ஒருவன் தொழில் தொடங்க முடியும் என்பது அவர் கருத்து. மின்படி வைத்த வளாகத்தில் வளையல் கடைக்காரர் என்ன வாடகை கொடுப்பார் என அந்த வேட்பாளரை நாம் யாரும் கேட்கவில்லை.

நம் ஊரிலேயே சர்ச் தெரு 2018-இல் கல் பாவிப் புதுக்கோலம் பெற்றது. 2020 நவம்பரிலிருந்து சில மாதங்கள் வார இறுதி நாள்களில் அங்கு ஊர்திகளைத் தடுத்தும் பார்த்தனர். நடப்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அது காப்பிக்கும் புத்தகத்துக்கும் செல்லும் தெரு. விடியற்காலையில் மூட்டை இறங்கும் தெருவுக்கு அதே மருந்தை அப்படியே ஊட்ட முடியாது. சரக்கு வண்டி எந்நேரத்தில் வரலாம், எங்கே நிற்கலாம் என்பதை முதலில் வரையறுக்காமல் கல் பாவினால், அக்கல்லின்மேல் வண்டி ஏறும். ஓராண்டில் கல் பெயரும்.

இனி நடைபாதைச் சிக்கல். இதில் நம்மவர்க்குள்ளேயே இரு கட்சி. கடை வைத்திருப்போர், "முகப்பை மறைக்கிறார்கள், நடக்க வழியில்லை" என்பர், அது பொய்யன்று. கூடை வைத்திருப்போர், "எங்களைப் பார்க்க வந்த கூட்டந்தானே உங்கள் கடைக்குள் நுழைகிறது" என்பர், அதுவும் பொய்யன்று. இவ்வழக்கைத் தீர்க்க 2014-இல் நாடாளுமன்றம் தெருவோர வணிகர்க்கெனச் சட்டம் ஒன்றை இயற்றியிருக்கிறது. கணக்கெடுத்துச் சான்று வழங்கும் வரை எவரையும் அகற்றக் கூடாது என்றும், இடத்தை ஒழுங்கு செய்யும் குழுவில் பத்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தெருவோர வணிகரே தேர்ந்தெடுத்த பேராளர் இருக்க வேண்டும் என்றும், அவருள் மூன்றிலொரு பங்கு மகளிர் என்றும் அச்சட்டம் கூறுகிறது. பூக்கூடை அம்மையாருக்கு அக்குழுவில் இடம் உண்டு. கூடையை விட்டுவிட்டு ஒரு நாள் கூலியை இழந்து அவர் கூட்டத்துக்கு வருவது எங்ஙனம் என்பது வேறு கேள்வி. கடைக்காரர் சங்கங்கள் அவரைப் பகையாகக் கருதுவதை விட்டு அருகில் அமர்த்திக்கொள்வதே முறை என்பது நம் துணிபு; சினப்போர் சினக்கட்டும்.

இவற்றை எங்கே சென்று பேசுவது என்பதே சில ஆண்டுகளாகப் பெருங்குறையாயிற்று. 2015-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் அடுத்த தேர்தல் நடவாமலே ஆண்டுகள் கடந்தன. அதிகாரிகள் ஆண்டனர், ஆனால் தெருக்கோடியில் நாற்காலி இட்டு நம் முன் நிற்க வேண்டிய கட்டாயம் அவர்க்கு இல்லை. 2025 செப்டம்பரில் ஒரே மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. சிவாஜி நகர் பெங்களூரு மத்திய மாநகராட்சிக்குள் வந்தது. ஒரு வகையில் வரலாறு திரும்பியிருக்கிறது. ஆனால் இம்முறை பேட்டையும் தண்டும் ஒரே வரப்புக்குள்.

2015-இல் நகர வாக்காளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாக்குச்சாவடிக்கே செல்லவில்லை. நம் குடும்பங்களில் செல்லாதவர்க்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. 'நாம் வந்தேறிகள், நமக்கேன் ஊர் வழக்கு' என்னும் ஒதுக்கமும் உண்டு. 1991-இன் காவிரிக் கலவரத்தைக் கண்டவர்க்கு அவ்வொதுக்கம் பழகிப்போயிற்று. அல்சூரில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே நின்று 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டதையும் அவர்கள்தாம் கண்டனர். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த தெருவில் குழாய் கேட்பதற்கு எவருடைய இசைவையும் பெற வேண்டுவதில்லை. கேட்கவேண்டிய இடத்தில் கன்னடத்தில் கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

ஆகவே அடுத்து வரும் வேட்பாளர்க்கென நம் தெருவில் ஒரு கேள்வித்தாள் எழுதினோம். குழாய், மகளிர் கழிப்பிடம், இரவு விளக்கு, சரக்கு வண்டி நேரம், புதுக் கட்டடம் எழுந்தால் பழைய கடைக்காரர்க்கு எந்த வாடகையில் இடம் என்பன அதில் உள்ளன. கன்னடப் படியை அடுத்த வீட்டு ஆசிரியரிடம் திருத்தக் கொடுத்தோம். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தியபின், நாம் மறந்த ஒன்றை அவரே கீழே சேர்த்து எழுதித் தந்தார்: மழைநீர் வடிகாலைத் தூர் வாருவது யார், எந்த மாதத்தில்?