அப்பா எங்கே என்று ஒரு பாட்டு

எனக்கு வயது எழுபத்தைந்து. ராப் என்றால் யாரோ யாரையோ திட்டுகிறார்கள் என்றுதான் போன வருடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாலை மாடியில் காய்ந்த துணி எடுக்கப் போனேன். கல்லூரியில் படிக்கும் என் மகளுடைய பையன் அங்கே செல்போனில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"தாத்தா, இது பிரெஞ்சு. உங்களுக்குப் புரியுதா?"

புரிந்தது. பாட்டின் பெயர் 'பாப்பாஊத்தே'. 'அப்பா, நீ எங்கே' என்ற கேள்வியைக் காதில் விழுகிறபடி ஒரே சொல்லாக எழுதியிருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் திக்தேயில் இப்படி எழுதியிருந்தால் முசியே பூஜ்யம் போட்டிருப்பார். பாடியவர் ஸ்த்ரோமாய், 1985-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் ருவாண்டாக்காரர். 1994-ல் அங்கே நடந்த இனப்படுகொலையில் கொல்லப்பட்டார். 2013-ல் வந்த அந்தப் பாட்டின் தாளம் ஆடவைக்கும். உள்ளே கேட்பது ஒரு சிறு பிள்ளையின் கேள்வி.

துணியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. எனக்கு நினைவு தெரியுமுன்பே கப்பலேறி சைகோன் போனவர். 1953-ல், காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று ஒரு காகிதம் வந்தது. அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் படிக்கக் கற்றுக்கொண்டபின், ஒவ்வொரு வருடமும் திதியன்று டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்து, "படிச்சுக் காட்டுடா" என்பார். எண், தேதி, பெயர், மரியாதை வாசகம், முத்திரை. உரக்கப் படிப்பேன். பிறகு முப்பத்தைந்து வருடம் அதே மாதிரிக் காகிதங்களை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். பிரெஞ்சு என்றாலே எனக்கு அந்தக் காகிதம்தான். அந்த மொழியில் ஒரு பிள்ளை அப்பாவைத் தேடி அழவும் முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"இதே மாதிரி வேற யாராவது இருக்காங்களாடா?" என்று கேட்டேன். செல்போன் தானாகவே ஒரு பட்டியல் கொடுத்தது. எல்லாம் டிஸ்கோ மாதிரி இருந்தன. தாளம் ஒத்துப்போயிற்று, மனசு ஒத்துப்போகவில்லை. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவன் தேடுவான், நான் சொற்களைக் கேட்டு, இது சேரும், இது சேராது என்பேன்.

இப்படித்தான் எம்.சி. சோலார் கிடைத்தார். டாக்கரில் பிறந்தவர். 1991-ல் வந்த 'கரோலின்' பாட்டில், பிரிந்துபோன காதலைச் சீட்டுக்கட்டின் ஆட்டின், கிளாவரை வைத்தே சொல்லிவிடுகிறார். உச்சரிப்பு அத்தனை சுத்தம். அடுத்து மார்செய் நகரத்து ஐயாம் குழு. 1997-ல் வந்த 'பெத்தி ஃப்ரேர்', அதாவது சின்னத் தம்பி. சீக்கிரம் பெரியவனாகிவிடத் துடிக்கும் ஒரு பையனைப் பற்றி ஓர் அண்ணனின் கவலை. கடைசியாக ஒக்ஸ்மோ புச்சினோ. மாலியில் பிறந்து பாரிஸில் வளர்ந்தவர். 1998-ல் வந்த அவருடைய பாட்டின் பெயருக்குத் 'தனித்த பிள்ளை' என்று பொருள். கனமான குரல், அவசரமே கிடையாது. என் பட்டியலில் ஸ்த்ரோமாய்க்குப் பக்கத்தில் இவரைத்தான் வைத்திருக்கிறேன்.

அதைக் கேட்டு முடித்த அன்று பேரன் கேட்டான்: "தாத்தா, உங்க அப்பா எங்க போனாரு? அம்மாவுக்கே சரியா தெரியலையாமே?"

உண்மைதான். என் மகளுக்கு நான் சொன்னதே இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அம்மா போனபின் முதல் தடவையாக அந்தக் காகிதத்தை உரக்கப் படித்தேன். தமிழில் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

"அவரு எப்படிப்பட்டவருன்னு ஒண்ணுமே எழுதலையா?"

"இல்லப்பா. அந்த மாதிரிக் காகிதத்துல அதெல்லாம் எழுத மாட்டாங்க."

அன்று இரவு மகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அப்பாவைப் பற்றி அம்மா எனக்குச் சொன்ன நாலைந்து விஷயங்களையும் சொன்னேன். பேரன் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான்.