மைனி வீட்டு மாவு

வீட்டிலேயே சின்னதாக ஒரு தொழில் தொடங்கலாம் என்றிருக்கிறீர்களா? மனு எழுதுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்கு ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள்.

பாளையங்கோட்டையில் எங்கள் மைனி இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். 100 ரூபாய் கட்டி உணவுப் பாதுகாப்புப் பதிவெல்லாம் முறையாக வாங்கியிருந்தாள். அப்புறம் ஒரு கடுதாசி வந்தது. ‘குடியிருப்புப் பகுதியில் தொழில் நடத்த அனுமதி உண்டா?’ ஊரைக் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை என்று பிரித்து வைக்க 1971-லேயே நகர் ஊரமைப்புச் சட்டம் போட்டாயிற்று. மைனிக்கு அது தெரியாது. (எனக்கும்தான்!)

“பத்தமடையில கோரப்பாயை வீட்ல வச்சுத்தான நெய்யுதாவ? அவங்கள யாராவது கேட்டாவளா கொழுந்தனாரே?”

நியாயம்தான். புவிசார் குறியீடு வாங்கிய பாய் ஆயிற்றே! ஆனால், “பாய்த் தறி தெருவை எழுப்பாது மைனி, உங்க கிரைண்டர் எழுப்பும்” என்றேன். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

அக்கம்பக்கத்தில் ஆட்சேபம் இல்லையென்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அடுத்த வீட்டு ஆச்சியிடம் தாளை நீட்டினோம். ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசும் வாசித்தாள்.

“காலைல நாலு மணிக்கு எங்கட்டிலு ஆடுது தாயி. மூணு வருசமா.”

“ஒரு வார்த்த சொல்லப்பிடாதா ஆச்சி?”

“நீ புள்ள படிப்புக்குல்லா ஆட்டுத.”

மைனி வாயே திறக்கவில்லை. மறுநாள் கிரைண்டர் பின்கட்டுக்குப் போனது, அடியில் ஒரு பழைய டயர். நேரமும் ஆறு மணியானது. ஆச்சி கையெழுத்துப் போட்டுவிட்டாள். மனு இன்னும் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆச்சி வீட்டுக்கு மட்டும் மாவுக்குக் காசில்லை. வேண்டாம் என்கிறாள் ஆச்சி. வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறாள் மைனி.