கீழக்கரைப் பள்ளியும் சட்டைப்பைக் கேமராவும்

இராமநாதபுரத்தில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் கீழக்கரை வந்துவிடும். அங்குள்ள பெரிய ஜும்ஆப் பள்ளி, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் காலத்தது. உமறுப் புலவரை ஆதரித்த அதே வள்ளல்தான். வெயிலிலிருந்து உள்ளே கால் வைத்ததும் என் கண் இருண்டது. சற்று நின்ற பின்பே கல் தூண்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. உருவம் எதுவுமில்லை, பூவும் கொடியுமே வேலைப்பாடு.

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இதுபோன்ற சிறிய பழம்பள்ளி ஒன்றைக் கண்டேன். என் பெரிய கேமராவோ, கனம் என்று வீட்டு அலமாரியில் கிடந்தது. அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். மறு ஆண்டு சென்றபோது பளிங்கு பதித்த புதிய கூடம் நின்றது. ஊர் பெருகிற்று, இடம் போதவில்லை. அவர்களைக் குறை கூற எனக்கு வாயில்லை. ஆனால் அந்தத் தூண்களின் படம் நான் விசாரித்த எவரிடமும் இல்லை.

அதன் பிறகே சிறிய கேமரா தேடினேன். கைபேசி இருக்கிறதே என்பீர்கள். பள்ளிக்குள் நான் அதை அணைத்து வைப்பவன். கடைக்காரர் முப்பது மடங்கு ஜூம் உள்ளதைக் காட்டினார். அத்தகைய கேமராக்களில் படம் பதியும் சில்லு பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். ஒரு அங்குல வகை எனப்படுவது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், பரப்பில் ஏறத்தாழ நான்கு மடங்கு. இருட்டில் பயன்படுவது இந்தப் பரப்புதான். ஆகவே 2012இல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ் 100 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். எடை 240 கிராம். நம் ஜிப்பாப் பையில் அடங்கும். ஒரு குறை சொல்லியாக வேண்டும். அதன் லென்ஸ் அகலக் காட்சியில் எஃப் 1.8 வரை திறக்கும். ஜூமை முழுவதும் நீட்டினால் எஃப் 4.9தான். வெளிச்சம் ஏழு மடங்குக்கு மேல் குறைந்துவிடும். எனவே ஜூமைத் தொடாமல் நானே தூணருகே நடந்து செல்கிறேன்.

லுஹர் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. ஓரமாக அமர்ந்திருந்த பெரியவரிடம் அனுமதி கேட்டேன்.

"எடுங்கள் ஹஜ்ரத், வெளிச்சம் மட்டும் அடிக்க வேண்டாம். சிலர் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார்.

ஃபிளாஷை அணைத்தேன். தூணின் தலைப்பை எடுக்கக் கை நடுங்கியது. கேமராவைத் தரையில் மல்லாக்க வைத்து, இரண்டு விநாடித் தாமதத்தில் அதுவே எடுத்துக்கொள்ளுமாறு விட்டேன். அசைவில்லாமல், பூவிதழின் உளித்தடம் வரை பதிந்தது.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையை நெடுநேரம் பார்த்தார்.

"சிறு வயது முதல் சாய்ந்து உட்காருகிற தூண். மேலே இப்படி ஒரு பூ இருப்பதை இன்றுதான் பார்க்கிறேன்."