சத்வாவில் ஒரு பசியாறல்

காலையில் உண்ணும் முதலுணவை நம் கடற்கரை ஊர்களில் 'பசியாறுதல்' என்கிறோம். வாசலில் விருந்தாளியைக் கண்டவுடன், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பது நம் இல்லங்களின் வழக்கம். இடியப்பமும் கறியாணமும், ஆப்பமும் தேங்காய்ப்பாலும் என்று நம் பசியாறல் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். அவ்வட்டத்திற்கு வெளியே வாழும் மக்கள் எதைக்கொண்டு பசியாறுகிறார்கள் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பல்லாண்டு அயல்நாட்டில் வாழ்வோரும் இதற்கு விலக்கல்லர்.

2023-ஆம் ஆண்டு டிசம்பரில், துபாயில் பணிபுரியும் எம் மகனின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். மருமகள் அங்கே ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் பணிசெய்கிறாள். உடன் பணிபுரிவோரில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்கள் பலர். அவர்கள் சொல்லக் கேட்டு, சத்வா பகுதியிலுள்ள பிலிப்பினோ உணவகம் ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை காலை எல்லோரையும் அழைத்துச் செல்ல விரும்பினாள். "மாமி, ஒரு தடவை வந்து பாருங்க. அங்கே காலையிலேயே சோறுதான்" என்றாள்.

எம் துணைவியார் முகம் சுளித்தார். "அவங்க கடையாம்மா? என்னத்தைக் கலப்பாங்களோ!"

இவ்வச்சத்தை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. பன்றி இறைச்சி பிலிப்பினோ சமையலில் பெருவிருப்பத்திற்குரியது என்பது உண்மை. 'லொங்கனீசா' என்று அவர்கள் சொல்லும் காலைநேரத் தொத்திறைச்சி அந்நாட்டில் பெரும்பாலும் அதனால்தான் செய்யப்படுகிறது. ஆகவே பேணுதல் வேண்டும். ஆனால், வளைகுடாவில் பத்தாண்டுக் காலம் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து பணிசெய்த பிலிப்பினோவின் கையால் ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்கிக் குடியாத நம்மவரையும் நாம் கண்டிருக்கிறோம். கேட்டால் அதற்கும் 'பேணுதல்' என்றே பெயர் சொல்வார்கள். அதே மனிதர், தம் ஊர்க்காரர் நடத்தும் கடையில் கோழி யார் கையால் அறுபட்டதென்று ஒரு நாளும் கேட்டிருக்கமாட்டார்! எனவே, சென்று விசாரிப்போம், மனம் நிறைவு கொண்டால் உண்போம், இல்லையேல் திரும்புவோம் என்று சொல்லிப் புறப்பட்டோம்.

காலை ஏழரை மணிக்கே கடை நிறைந்திருந்தது. இரவுப்பணி முடித்து, சீருடையைக் களையாமலே வந்தவர்கள் பலர். கழுத்தில் சிலுவை அணிந்த இளம்பெண்ணொருத்தி எங்களுக்கு இடம் காட்டினாள். மகன் விசாரித்தான். அவள் முகம் கோணவில்லை. பன்றி இறைச்சி தங்கள் சமையற்கட்டுக்குள் வருவதே இல்லை, லொங்கனீசா மாட்டிறைச்சியால் ஆனது என்றாள். பிறகு, நாங்கள் கேளாத ஒன்றையும் தானே சொன்னாள். மேசைமேல் மிளகாயும் பூண்டும் மிதக்கும் குப்பி ஒன்று இருந்தது. "இதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள்" என்று சொல்லி, உள்ளே சென்று அதன் மூலப்புட்டியை எடுத்துவந்து காட்டினாள். அது காடி. தென்னம்பாளைச் சாற்றிலிருந்து செய்தது.

மருமகள் எம் பக்கம் திரும்பி, "கள்ளிலேர்ந்து வர்றதுதானே மாமா, கூடுமா?" என்றாள்.

பாடம் நடத்தும் வாய்ப்பு மேசைக்கே வந்தால் ஆசிரியன் விடுவானா! பாளைச் சாறு புளித்துக் கள்ளாகிறது. கள் மேலும் புளித்துக் காடியாகிறது. போதை நீங்கிக் காடியானது தானாகவே நிகழ்ந்திருப்பின் அது தூய்மையானது என்பதில் ஷாபிஈ, ஹனபீ இரு மத்ஹபினரும் ஒன்றுபடுகின்றனர். எதையேனும் உள்ளே இட்டு அதைக் காடியாக மாற்றினால் ஷாபிஈகளிடம் கூடாது, ஹனபீகளிடம் கூடும். நாம் ஷாபிஈ. மருமகளோ ராவுத்தர் குடும்பத்துப் பெண், ஹனபீ. அவளுக்கு எவ்வகையிலும் தடையில்லை. புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியவர் நாம்தாம். சீட்டில் பாளைச் சாற்றைத் தவிர வேறு சேர்மானம் எதுவும் எழுதப்படவில்லை. ஹலால் முத்திரையும் இருந்தது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை உணவுக்குத் தொட்டுக்கொள்ள 'இதாம்' உண்டா என வினவியபோது, வீட்டில் காடியைத் தவிர வேறில்லை என்றனர். அதையே வரவழைத்து உண்டு, சிறந்த இதாம் என்று அதனைப் புகழ்ந்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. 'இதாம்' என்பதற்கு மதரஸாவில் நாம் 'ஆணம்' என்றே பொருள் சொல்வோம். ஆயினும் ஆண்டுதோறும் இப்பாடத்தை நடத்தும் எமக்குக் காடியையே ஆணமாகக் கொண்டு சோறுண்ணும் மக்களை அன்றுதான் காணக் கிடைத்தது.

தட்டுகள் வந்தன. முந்திய இரவின் சோற்றை நசுக்கிய பூண்டுடன் வதக்கியது 'சினங்காக்', முட்டைக்கு 'இட்லொக்'. முன்னதன் தலையையும் பின்னதன் வாலையும் ஒட்டிச் 'சிலொக்' என்று ஒரு பெயர் செய்துவிட்டார்கள். 'தாப்பா' என்னும் இறைச்சி சேர்ந்தால் 'தாப்சிலொக்', 'பங்குஸ்' என்னும் பால்கெண்டை மீன் சேர்ந்தால் 'பங்சிலொக்'. நம் இலக்கண ஆசிரியர்கள் இதை மரூஉ என்பார்களோ, வேறென்ன என்பார்களோ!

தாப்பாவை ஒரு துண்டு வாயிலிட்ட எம் துணைவியார், "இது நம்ம உப்புக்கண்டமல்லவா!" என்றார். மெல்லியதாக அரிந்து, உப்பும் பூண்டும் புளிப்பும் ஏற்றிப் பதப்படுத்திய மாட்டிறைச்சி அது. முற்காலத்தில் வெயிலில் உலர்த்துவதே வழக்கமாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் நம் மொட்டை மாடிகளில் குர்பானி இறைச்சி கொடியில் காய்ந்ததை வயதில் மூத்த வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அப்பெருநாளை அடுத்து வரும் மூன்று நாள்களுக்கு 'அய்யாமுத் தஷ்ரீக்' என்று பெயர் வந்ததும், இறைச்சியை அரிந்து வெயிலில் காயவைத்த வழக்கத்தால்தான் என மொழி நூலார் விளக்குவர்.

பேரனுக்குச் 'சம்பொராதோ' வந்தது. சாக்லேட் கரைத்த அரிசிக் கஞ்சி அது. அதற்குத் தொடுகறி கருவாடு! பையன் இரண்டையும் உண்டான். எமக்கு இந்தச் சேர்க்கை மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

நாம் கேட்டு வாங்கியது 'அரோஸ் கால்தோ'. இஞ்சியும் கோழியும் இட்ட கஞ்சி. கண்ணை மூடி உண்டால் நோன்புக் கஞ்சிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று தோன்றும். சீனர் கொண்டுவந்த கஞ்சிக்கு ஸ்பானியர் இட்ட பெயர் அது. 'அரோஸ்' என்னும் ஸ்பானியச் சொல்லோ அரபியின் 'அர்ருஸ்' அன்றி வேறில்லை. உணவுப் பட்டியலில் 'எஸ்கபேச்சே' என்று ஒரு மீன் கறியும் இருந்தது. காலையில் கிடைக்காதாம், பெயரை மட்டும் படித்து மகிழ்ந்தோம். பக்தாதில் காடியிட்டுச் சமைத்த 'சிக்பாஜ்' என்னும் இறைச்சிக் கறி அந்தலூசியாவுக்குச் சென்று, ஸ்பானியரின் நாவில் 'எஸ்கபேச்சே' ஆகி, அவர்களின் கப்பலேறிப் பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தது. 1571-இல் அவர்கள் கைப்பற்றிய மணிலா, அதுவரை ராஜா சுலைமான் என்னும் முஸ்லிம் மன்னரின் ஆட்சியில் இருந்த ஊர். தெற்கே சிமுனுல் தீவில், அதற்கும் முன்பே 1380-இல் பள்ளிவாசல் எழுந்தது. தட்டை எடுக்க வந்த அப்பெண், "சலாமத்" என்றாள். நன்றி என்பது பொருளாம். கிறித்தவப் பெண்ணின் வாயிலிருந்து வந்த அச்சொல் மலாய் வழியாக அங்கே சென்ற அரபுச் சொல்.

இவற்றையெல்லாம் நாம் சொல்லிக்கொண்டிருக்க, எம் துணைவியாரின் பார்வை அடுத்த மேசையில் இருந்தது. அங்கே தனியே அமர்ந்திருந்த பெண், கைப்பேசியைக் காடிக் குப்பியின்மேல் சாய்த்துவைத்துப் பேசியபடியே உண்டாள். திரையில் இரண்டு குழந்தைகள். இங்கே ஏழரை என்றால் மணிலாவில் பதினொன்றரை. அவர்கள் முன்னும் தட்டுகள் இருந்தன. ஒரு குழந்தை தன் கரண்டியைத் திரையருகே நீட்ட, இவள் வாயைத் திறந்து வாங்குவதுபோல் காட்டினாள். எம் துணைவியாரின் தந்தை கொழும்பில் கடை வைத்திருந்த சபுராளி. ஈராண்டுக்கு ஒருமுறை ஊர் வருவார். சோற்றில் கைவைத்தபடி அவர் வெகுநேரம் பேசாதிருந்தார்.

புறப்படும்போது, எங்களுக்குப் பரிமாறிய பெண்ணுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்கச் சொன்னார். ஒரு மகள், பாட்டியிடம் வளர்கிறாள், பார்த்து மூன்று ஆண்டுகள் என்று மருமகள் விசாரித்துச் சொன்னாள்.

அடுத்த வாரம் மகன் அவ்வழியே சென்றபோது, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கீழக்கரைத் தொதலில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். அவள் அங்கேயே பிரித்து ஒரு துண்டு உண்டு, "கலமாய்!" என்று கூவினாளாம். தேங்காய்ப்பாலும் அரிசியும் கருப்பட்டி போன்ற சர்க்கரையும் சேர்த்துக் கிண்டும் அதே பண்டம் அவள் ஊரிலும் உண்டு. உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டிருக்கிறாள். மகன் 'தொதல்' என்றதும், தன் நாட்டில் தெற்கே உள்ள முஸ்லிம்களும் 'தொதோல்' என்றுதான் சொல்வார்கள் என்றாளாம்.