துங்கநாதமும் திருக்கூட்டமும்

ஆலய வழிபாடும் அடியார் கூட்டுறவும் சைவ நன்மக்களுக்கு இரு கண்கள் போல்வன. இவ்விரண்டும் தம்முள் மாறுபடுதல் இல்லை என்பதே நூற்றுணிபு. ஆயினும், ஆலயம் நோக்கி நடக்கும் ஒருவற்கு உடன்வரும் அன்பரே தடையாய்த் தோன்றும் வேளையும் ஒரோவழி வாய்ப்பதுண்டு. அவ்வேளையில் எதனைக் கொள்வது, எதனை விடுவது என்பது வீட்டில் ஏடு விரித்திருந்து தெளியப்படுவதன்று. 2019-ஆம் ஆண்டு தைத் திங்களில் இமயச் சாரலிற் சென்ற நண்பர் நால்வர்க்கு இவ்வினா பனியிடையே எழுந்தது. அஃது எழுந்தவாறும் தீர்ந்தவாறும் ஈண்டுக் கூறப்படும்.

நால்வரும் திருநெல்வேலிச் சீமையினர். முப்பது ஆண்டுகளாகச் சோமவாரந்தோறும் ஒருங்கிருந்து திருமுறை ஓதி வருபவர். மூத்தவர் பள்ளித் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர்; வயது அறுபத்தாறு. தேவாரத்திற் பெரும்பகுதி அவர்க்கு மனப்பாடம். ஓதுங்கால் ஒரெழுத்துப் பிழைப்பினும் பொறாதவர். இரண்டாமவர் இரயில்வேப் பணியிலிருந்தவர். வடநாட்டிற் பல்லாண்டு வாழ்ந்தமையின் இந்தி அறிந்தவர். மூன்றாமவர் சவுளி வணிகர். நான்காமவர் யாவரினும் இளையர்; பண்ணோடு பாட வல்லவர்.

கூட்டமில்லாத காலத்தே இமயமலையைக் கண்டு, பனிமூடிய சிவாலயம் ஒன்றன் வாயிலில் நின்று ஒரு பதிகம் ஓதவேண்டும் என்பது மூத்தவரது நெடுநாள் வேட்கை. திருக்கேதாரம் மாரிக்காலத்தே எய்தற்கரியது. ஆதலின் துங்கநாதம் செல்வதெனத் துணிந்தனர்.

கேதாரம், மத்தியமகேசுவரம், துங்கநாதம், உருத்திரநாதம், கற்பேசுவரம் என்னும் ஐந்தும் பஞ்சகேதாரம் எனப்படும். பாரதப்போர் முடிந்தபின் பாண்டவர் இறைவனைத் தேடிவர, அவன் விடையுருக்கொண்டு மறைந்து, இவ்வைந்திடத்தும் தன் திருமேனியின் ஒவ்வோருறுப்பாய் வெளிப்பட்டான் என்பது அந்நாட்டு வரலாறு. கேதாரத்தில் முதுகும் துங்கநாதத்தில் திருக்கைகளும் தோன்றின என்ப. துங்கம் என்பது உயர்வு. பெயருக்கேற்ப அத்தலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,680 மீட்டர் உயரத்துள்ளது. கேதாரத்தினும் உயர்ந்தது அது. தேவாரம் பெற்ற தலமன்றாயினும், தேவாரம் பெற்ற கேதாரத்தின் அயலிலுள்ளதாகலின் தென்னாட்டன்பர்க்கு அதன்பாற் காதல் உண்டாதல் இயல்பே.

அரித்துவாரம் வரை புகைவண்டியிற் சென்று, ஆண்டுநின்று மலைவழியாக உருத்திரப்பிரயாகை அடைந்து, மந்தாகினிக் கரையோடு வடக்கே சென்றனர். அவ்வழியில் அகத்தியமுனி என்றே பெயர்பெற்ற ஊரொன்றுண்டு. தமிழ்முனிவர் பெயரை அத்துணைத் தொலைவிற் கேட்ட மாத்திரத்தே நால்வரும் இறங்கிக் கைகூப்பினர். பின்னர் ஊகிமடம் சேர்ந்து ஓங்காரேசுவரர் ஆலயத்தில் வழிபட்டனர்.

ஈண்டு அந்நாட்டு வழக்கமொன்று அறியற்பாலது. தீபாவளியை அடுத்துக் கேதாரத் திருக்கதவம் அடைக்கப்படும். சித்திரை வைகாசி அளவில் மீளத் திறக்கப்படும். அடைத்த நாள்முதல் திறக்கும் நாள்காறும் கேதாரநாதரது உற்சவத் திருமேனி சிவிகையில் எழுந்தருளி இறங்கி ஊகிமடத்தே தங்கிப் பூசை கொண்டருளும். துங்கநாதர்க்கும் அவ்வாறே, அவர் தங்குமிடம் மக்கூமடம் என்னும் சிற்றூர். அவர்க்கு வழிகாட்டியாய் அமைந்த இளைஞன் அவ்வூரினன். "தேவர் கீழே எங்களூரில் இருக்கின்றாரே, மேலே பூட்டிய கதவுதானே உள்ளது?" என அவன் வினவினான். இரயில்வே நண்பர் அதனை மொழிபெயர்க்க, மூத்தவர், "பூட்டிய கதவாயினும் அவன் கதவன்றோ? அதுவே எனக்குப் போதும்" என்றார். அவ்விடை அன்பின் விடையே. எனினும், அதனுள்ளே ஒரு சிறு பிடிவாதமும் இருந்தது என்பதை அப்போது எவரும் அறிந்திலர்.

பனியாற் பாதை மூடிக்கிடந்தமையின் வண்டி துக்கல்பிட்டாவோடு நின்றது. எஞ்சிய வழியை நடந்து சோப்தா சேர்ந்து, ஆங்கொரு சிறுவிடுதியில் இராத் தங்கினர். சோப்தாவினின்று துங்கநாதம் நான்கு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவே. ஆனால் அச்சிறு தொலைவில் பெரிதும் உயரம் ஏறவேண்டும். கோடையிற் கற்பாவிய நல்வழி. தை மாதத்திலோ கல்லும் படியும் தோன்றாமல் முழங்காலளவு பனி.

மறுநாள் விடியலில் புறப்பட்டனர். வழிகாட்டி முன்னே செல்ல, அவன் அடிச்சுவட்டில் ஒருவர்பின் ஒருவராய் அடியிட்டனர். ஓக்கு மரங்களும், பங்குனி சித்திரையிற் செம்மலர் பூக்கும் புராஞ்சு மரங்களும் பனிச்சுமையால் தாழ்ந்து நின்றன. சுந்தரமூர்த்தி சுவாமிகளது கேதாரப் பதிகத்தை இளையவர் எடுக்க, மூத்தவர் தொடர, இருவரும் மாறிமாறி ஓதிச் சென்றனர். மூத்தவர் அன்று நோன்பு, தேநீரும் பருகவில்லை. மேலே கம்பளியணிந்திருந்தாரேனும், மடியென்று உள்ளே பருத்தியாடையே உடுத்திருந்தார். ஏறுதலால் வியர்த்த வியர்வையை அப்பருத்தி உண்டது.

மரங்கள் முடிந்து புல்வெளிச் சரிவு தொடங்குமிடத்தில் காற்று எழுந்தது. வடக்கே தோன்றிய 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பாச் சிகரம் ஒரு நொடியில் மறைந்தது. பனித்துகள் ஊசிபோல் முகத்திற் பாய்ந்தது. பத்தடிக்கு முன் செல்வாரைக் காணவியலாதாயிற்று. உண்ணாத வயிறும், நனைந்த ஆடையும், வீசுங் காற்றும் மூன்றும் ஒருங்கே கூடின.

முதலில் மூத்தவர் மிக நடுங்கினார். சிறிது பொழுதில் நடுக்கம் நின்றது. "குளிர் விட்டது" என்று அவர் மகிழ்ந்து கூற, பின்வந்த வணிகரும் அதனை நன்மையென்றே எண்ணினர். இளையவர் மட்டும் செவியாற் பிறிதொன்று அறிந்தார். பதிகத்தின் ஆறாம் பாட்டைத் தொடங்கிய மூத்தவர் நடுவே மூன்றாம் பாட்டிற்குச் சென்றார். மீண்டும் ஆறினைத் தொடங்கி, மீண்டும் மூன்றிற் புகுந்தார். ரகர லகரங்கள் நாவிற் குழைந்தன. முப்பது ஆண்டுகளில் அவர் ஓதிய பாட்டிற் பிழை கேட்டறியாத இளையவர்க்கு, அக்குழறல் காற்றின் ஒலியினும் பெரிதாய் அச்சம் விளைத்தது.

அவர் முன்னே ஓடி வழிகாட்டியை நிறுத்தினார். கோயில் இன்னும் அரை நாழிகை வழியே என்றான் அவன். மூத்தவர் முகத்தைக் கண்டதும், "இறங்கவேண்டும்" என்றான்.

"அண்ணாச்சி, இன்று இவ்வளவே. இறங்குவோம்" என்றார் இளையவர்.

மூத்தவர்க்குச் சினம் மூண்டது. "எனக்கு ஒன்றுமில்லை. கயிலை வழியில் முனிவராய் வந்த பெருமானே மீள்க என்றபோதும் அப்பர் மீண்டாரா?" எனக் குழறிய மொழியிற் கேட்டார்.

இளையவர் கண்ணில் நீர் பனித்தது. "அப்பரடிகள் உடன்வந்தாரைக் காசியில் ஒழியவிட்டுத் தனியே சென்றார், அண்ணாச்சி. நாங்கள் மூவரும் இங்கே நிற்கின்றோம். தாங்கள் ஏறினால் நாங்களும் ஏறுவோம். தாங்கள் விழுந்தால் தங்களை விட்டு இறங்க எங்களாற் கூடாது" என்றார்.

மூத்தவர் விடை கூறவில்லை. பனியில் அமர்ந்து, "சிறிது உறங்குகிறேன்" என்றார். அதன்மேல் ஒருவரும் உசாவி நிற்கவில்லை. வணிகர் தம் கம்பளிச் சட்டையைக் கழற்றினார். நனைந்த பருத்தியை நீக்கி அதனை அவர்க்கு உடுத்தினர். கைகால்களைத் தேய்க்கப் புகுந்தாரை வழிகாட்டி தடுத்தான். அவ்வாறு தேய்த்தல் தீங்கென்பது மலைவாணர் அறிந்தது. அவன் வைத்திருந்த வெந்நீர்க் குப்பியில் வெல்லமிட்ட தேநீர் இருந்தது. "வழிபாடு முடியாமல் உண்ணேன்" என்று மூத்தவர் வாயை மூடிக்கொண்டார். இரயில்வே நண்பர் அவர் நெற்றியில் திருநீறிட்டு, "நோன்பின் குறை என்னுடையதாகுக. பருகுங்கள், அண்ணாச்சி" என்றார். அவர் பருகினார். பின்னர் இருபுறமும் இருவர் தாங்க, ஏறிய வழியே இறங்கினர். சோப்தா விடுதியின் அடுப்பருகே அவர்க்கு மீண்டும் நடுக்கம் வந்தபோதுதான் வழிகாட்டி சிரித்தான்.

மக்கள் உடம்பின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. அது 35 பாகைக்குக் கீழ் இழியின் உயிர்க்கு இடையூறு தொடங்கும். நடுக்கமாவது உடம்பு தன் தசையை அசைத்து வெப்பம் ஆக்கிக்கொள்ளும் முயற்சி. மேலும் குளிர்ந்தவழி அம்முயற்சியும் ஓயும். அப்போது நா குழறும், கால் தள்ளாடும், உறக்கம் இனிதாகத் தோன்றும். எல்லாவற்றினும் கொடிது, அறிவும் உடன் மழுங்குதலின் தனக்கு நேர்ந்தது தனக்கே தெரியாமை. அருகிருப்பாரே அதனை அறிந்து கூறவேண்டும்.

அன்றிரவும் மறுநாளும் மூத்தவர் எவரோடும் பேசிலர். மூன்றாம் நாட் காலை இளையவரை அழைத்து, "நான் எங்கே பிழைத்தேன்?" என வினவினார். இளையவர் உள்ளது கூறினார். மூத்தவர் நெடுநேரம் வாளாவிருந்து, "தம்பி, நான் ஒரெழுத்தும் பிழையாமல் ஓதினேன் என்றே இன்றும் என் நெஞ்சு சொல்லுகின்றது" என்றார்.

இவ்வொரு சொல் சித்தாந்தம் பயில்வார் ஊன்றி நோக்கத்தக்கது. புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தன்னையேனும் காட்டும். ஆணவ இருளோ தன்னையும் காட்டாது மறைப்பது என்று மெய்கண்ட நூல்கள் கூறும். தனக்கு மலமில்லை என்று ஒருவன் மெய்யாகவே எண்ணுதல் கூடும், பொய் கூறுகின்றானல்லன். அதுவே அம்மலத்தின் வன்மை. உவமை முற்றும் ஒவ்வாது என்பதும் உணர்க. குளிர் புறத்திருந்து வந்து பற்றியது; ஆணவமோ செம்பிற் களிம்புபோல் அநாதியே உயிரோடு உடனாயுள்ளது. அடுப்பினால் குளிர் நீங்கும். அருளினாலன்றி ஆணவம் நீங்காது. ஆயினும், தன்னைத் தானறியாமை இரண்டற்கும் பொது. நோன்பும் மடியும் மனப்பாடமும் நற்பொருள்களே. அவற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு 'யான் வல்லேன்' என்னும் எண்ணம் நுழையுமாயின், ஓதும் நாவே பிழைப்பினும் உயிர்க்குத் தெரிவதில்லை.

இதுபற்றியன்றே சிவஞானபோதத்து இறுதிச் சூத்திரம், மலம் நீங்கினார்க்கும் அன்பரொடு கூடியிருத்தலை விதித்தது? தொழத்தக்கனவாக அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கு கூறுமிடத்து, அடியார் திருவேடம் முன்னும் ஆலயம் பின்னும் நிற்றலும் நினைக்கத்தக்கது. அரை நாழிகை வழியில் நின்ற ஆலயத்தை விடுத்து அன்பர் ஒருவரைச் சுமந்து இறங்கிய மூவரும் வழிபாட்டிற் குறைந்தவராகார். அப்பரடிகளும் முனிவர் மொழிக்கு மீளாராயினும், பொய்கையில் மூழ்குக என்று இறைவன் பணித்தவழி மூழ்கித் திருவையாற்றிலே கயிலைக் காட்சி பெற்றார். ஏறுதற்குரிய அன்பு அவர்க்குப் பெரிது; பணித்தவழி அதனைவிட்டு இறங்கிய அடிமை அதனினும் பெரிது.

ஐந்தாம் நாள் நால்வரும் மக்கூமடம் சென்றனர். கல்லாலியன்ற அப்பழைய கோயிலில் துங்கநாதர் உற்சவத் திருமேனியாய் எழுந்தருளியிருந்தார். ஏறமாட்டாத காலத்து ஊரார் நடுவே வந்து தங்குதல் அவர்க்கு ஆண்டுதோறும் வழக்கம். மூத்தவர் நிலமுற விழுந்து வணங்கி எழுந்து, கேதாரப் பதிகத்தை முதலினின்று ஓதினார்.

ஐந்து பாட்டுக்கள் முடிந்தன. ஆறாம் பாட்டின் வாயிலில் அவர் நின்று, திரும்பி, இளையவரை நோக்கினார். இளையவர் அதனை எடுத்துக்கொடுக்க, இருவருமாக ஓதி முடித்தனர்.

பூசகர் அஃது எம்மொழி என வினவினார். தென்னாட்டுத் தமிழென்றும், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டதென்றும், கேதாரத்தைப் பாடியதென்றும் இரயில்வே நண்பர் விடை கூறினார். "அவர் கேதாரத்திற்கு வந்து பாடினாரோ?" என்றார் பூசகர்.

"வரவில்லை. சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே கேதாரத்தைப் பாடினர்" என்று மூத்தவரே தமிழில் விடையிறுத்தார். நண்பர் அதனை மொழிபெயர்த்தார். பூசகர் நால்வர் கையிலும் பிரசாதம் அளித்தார். மூத்தவர் தமக்குக் கிடைத்ததைப் பகுத்து, முதற்கூறு வழிகாட்டிய இளைஞனுக்குக் கொடுத்துப் பின் தாம் உண்டார்.

திருச்சிற்றம்பலம்.