நெடுந்தீவில் ஒரு வட்டநடை

மலையேற மாட்டாதவர்க்கும் நெடுந்தூரம் நடக்க அஞ்சுபவர்க்கும் ஏற்றதொரு நடை எங்கே உண்டு என வினவுவார்க்கு நாம் நெடுந்தீவையே சுட்டுவோம். அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. உள்ளங்கை போற் பரந்து கிடக்கும் நிலம். வெயில் ஒன்றே பகை. அதற்கும் காலைப் படகிற் செல்வதும், ஒரு போத்தல் தண்ணீரைக் கையில் எடுத்துச் செல்வதுமே பரிகாரம். தீவிலே நன்னீர் அருமையாகையால் தண்ணீர்ப் போத்தலை மறத்தல் ஆகாது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரையிற் பஸ் வண்டி செல்லும். அப்பால் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களின் பெயர்களை நம் தீவுகளுக்குச் சூட்டி மகிழ்ந்தனர். வேலணை லைடனாயிற்று, காரைதீவு அம்ஸ்ரடாமாயிற்று, நயினாதீவு ஹார்லெமாயிற்று. அவையெல்லாம் பழைய படங்களோடு ஒழிந்துபோக, நெடுந்தீவுக்கு இட்ட 'டெல்ப்ற்' என்ற பெயர் மாத்திரம் ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்திருக்கின்றது. தீவாரோ அதனைப் பொருட்படுத்துவதில்லை. அவர்களுக்கு அது என்றும் நெடுந்தீவுதான்.

மாவிலித்துறையில் இறங்கியதும் முச்சக்கரவண்டிக்காரர் சூழ்ந்துகொள்வர். தீவு முழுவதையும் ஒரே நாளிற் பார்க்க விரும்புவோர்க்கு அவர்கள் துணை இன்றியமையாதது. நாமோ துறையில் தொடங்கி, கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம் ஆகியவற்றைக் கண்டு, ஒழுங்கைகளினூடே மீண்டும் துறைக்கு வரும் சிறு வட்டத்தையே நடப்பதெனத் தீர்மானித்திருந்தோம். எம்முடன் வந்தவர் மாமா. அவர் பிறந்த மண் அது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் அங்கு கால் வைத்ததில்லை.

வைத்தியசாலைக்குப் பின்னாற் கடலோரமாகக் கிடக்கிறது கோட்டை. ஒல்லாந்தர் கோட்டை என்பதே வழக்கு. போர்த்துக்கேயர் கட்டியதென்பாரும் உளர். எவர் கட்டினாலென்ன, கல் நெடுந்தீவின் முருகைக்கல். அதனைச் சுமந்த தோள்களும் நெடுந்தீவாரின் தோள்களே. புறாக்கூடு அதனினும் அழகியது. துளைகள் பல கொண்டு தூண்போல் நிற்கும் அக்கட்டடத்தில், ஓலை கொண்டு செல்லும் புறாக்களை வளர்த்தனர் என்பர். நாம் சென்றபோது அங்கே ஒரு புறாவும் இல்லை.

எனினும், கோட்டையைக் காட்டிலும் எமது உள்ளத்தைக் கவர்ந்தவை வேலிகளே. நெடுந்தீவு வேலி கிடுகாலோ கம்பியாலோ ஆனதன்று. முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில் அது. சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. பெருங்கற்களை அடியிலிட்டு, சிறு கற்களை இடைவெளிகளிற் செருகி, கல்லின் பாரமே கல்லைப் பிடித்து நிற்குமாறு அமைத்திருப்பார்கள். கடற்காற்று அதன் துவாரங்களினூடே புகுந்து போகுமேயன்றி அதனைத் தள்ளுவதில்லை. ஆனால், இவ்வேலி ஒருமுறை கட்டி விட்டுவிடத்தக்கதன்று. மாடு உரைஞ்சினால் ஒரு கல் விழும். மழை பெய்தால் மற்றொன்று சரியும். விழுந்ததை எடுத்து வைக்க வளவில் ஆள் இருக்கவேண்டும். ஆகவே, வேலியைப் பார்த்தே உள்ளே குடியுண்டா இல்லையா எனச் சொல்லிவிடலாம். நாம் நடந்த ஒழுங்கைகளில் இல்லையென்று சொன்ன வேலிகள் பல.

மாமாவின் வளவும் அவ்வாறே இருந்தது. வீட்டின் கூரை போய்விட்டது. முன்வேலி பாதி சரிந்து, கற்கள் ஒழுங்கையிற் கிடந்தன. அவர் படலை இருந்த இடத்தில் நின்றாரேயன்றி உள்ளே செல்லவில்லை. அப்போது அயல் வளவிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். யாரென்று விசாரித்து அறிந்துகொண்டு, சிறிது தயங்கியபின் கேட்டார்:

"அண்ணை, ஆடுகள் போகாமல் என்ர வேலியை அடைக்க வேணும். உங்கட கல்லிலை கொஞ்சம் எடுக்கட்டே?"

மாமா உடனே விடை சொல்லவில்லை. காணியை விற்றுவிடும்படி பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அவரை நெருக்கிக்கொண்டிருந்ததை நாம் அறிவோம். கல்லைக் கொடுத்துவிட்டால் எல்லை எது என்று காட்டவும் ஒன்றும் எஞ்சாது. அவர் சரிந்த கற்களையும் அயலவரின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எடு தம்பி. விழுந்து கிடக்கிறதெல்லாம் எடு. பூவரசடிப் பக்கம் நிக்கிறதை மட்டும் விட்டுவிடு. அது ஐயா அடுக்கினது."

அயலவர் தலையசைத்தார். எமக்குக் குடிக்க மோர் கொண்டுவந்து தந்தார். பின்னர் நாம் புறப்படுமுன்னரே முதற் கல்லைத் தூக்கிவிட்டார்.

பெருக்குமரத்தை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஆபிரிக்காவிற்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பது வழிவழிச் செய்தி. மன்னாரிலும் இதன் இனத்தைக் காணலாம். அடிமரம் கோறையாகி, ஆட்கள் உள்ளே புகுந்து நிற்கக்கூடிய அறைபோல் இருக்கிறது. சிறு வயதில் ஒளித்து விளையாடிய இடமென்று மாமா கூறினார். உள்ளே நுழையுமாறு நாம் வற்புறுத்தினோம். அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

நெடுந்தீவு என்றதும் குதிரைகளையே பலர் கேட்பர். பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் படை அதிகாரியின் மேற்பார்வையில் இங்கு குதிரை வளர்ப்பு நடைபெற்றது. இன்று கட்டாக்காலியாகத் திரியும் மட்டக்குதிரைகள் அக்காலத்தின் எச்சம். கோடையில் நீரின்றி அவை படும் பாடு பரிதாபத்துக்குரியது. அவற்றைக் காணத் தெற்கேயுள்ள வெளிகளுக்குச் செல்ல வேண்டும். எமது வட்டத்தில் அவை அகப்படவில்லை.

துறைக்கு அண்மையிற் குமுதினிப் படகில் மாண்டவர்களுக்கான நினைவிடம் உண்டு. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி, இத்துறையிலிருந்து குறிகட்டுவானை நோக்கிச் சென்ற படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே சற்று நேரம் நின்றார். எதுவும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

பிற்பகற் படகு நேரத்துக்கே வந்துவிட்டது. பள்ளிச் சிறுவர்களும் கூடை சுமந்த பெண்களுமாக முண்டியடித்து ஏறினார்கள். மாமாவுக்கு ஒரு பையன் எழுந்து இடங்கொடுத்தான். "எந்தப் பக்கத்துப் பிள்ளை?" என்று அவர் அவனை விசாரிக்கத் தொடங்கினார், குறிகட்டுவான் வந்து சேரும்வரையில் அப்பேச்சு ஓயவில்லை.