பதினேழைக் கேட்டீர்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேசையில் பதினேழு செத்துப்போனது. 'செத்துப்போனது' என்று சொல்வதா, 'உடைந்துபோனது' என்று சொல்வதா என்பதில்தான் சண்டையே வந்தது.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கதையை நடத்துவார், பகடை உருளும். எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வரும் நாலு கல்லூரி மாணவர்களுக்கு நான்தான் இரண்டு வருடமாகக் கதை நடத்துகிறேன். கையில் இருப்பது ஒரு நண்பர் விட்டுப்போன பழைய புத்தகம்: 2004இல் வெளிவந்த 'எபரான்'. கீத் பேக்கர் உருவாக்கிய உலகம்.

அந்த உலகத்தில் 'வார்ஃபோர்ஜ்டு' என்று ஒரு இனம் உண்டு. போருக்காகவே மரத்தாலும் கல்லாலும் இரும்பாலும் பட்டறையில் செய்யப்பட்டவர்கள். யோசிப்பார்கள், வருத்தப்படுவார்கள். சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம், மூச்சுகூட வேண்டாம். முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? போர் முடிந்ததும் ஒரு ஒப்பந்தம் அவர்களை விடுதலை செய்கிறது, பட்டறைகளை மூடச் சொல்கிறது. அதற்குப் பிறகும் சில நாடுகளில் ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் பழைய வேலையே தொடர்கிறது. மூன்றாமாண்டு படிக்கும் ஒரு பெண் அப்படி ஒருவரைத்தான் ஆடினாள். பெயர் வைக்கச் சொன்னபோது, "இவங்களுக்கு யாருக்கா பேர் வச்சா? நம்பர்தான் போட்டிருப்பாங்க" என்று சொல்லி 'பதினேழு' என்று எழுதினாள்.

அன்றைக்கு ஒரு ராட்சசன் அடித்ததில் பதினேழின் மார்புத் தகடு பிளந்தது. உயிர்ப்புள்ளி பத்துக்குக் கீழே, மைனஸில். பொறிவினைஞர் பாத்திரம் ஆடும் தம்பி உடனே, "கவலைப்படாதீங்க. ரெண்டு நாள் பட்டறை போட்டா சரி பண்ணிடுவேன்" என்றான். விடுதிக்கதவு எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள், மணி ஏழரை. நானும் யோசிக்காமல், "சரி, 500 பொற்காசு, ரெண்டு நாள்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

அவள் தாளை மடித்தாள். "சரி பண்ணிக்கோங்கக்கா. ஆனா எழுந்து வர்றது பதினேழு இல்ல. நான் வேற ஆள் எழுதிக்கிறேன்."

ராத்திரி புத்தகத்தைத் திறந்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். சாதாரண இயந்திரப் பொம்மைக்கு விதி தெளிவாக இருக்கிறது: அது ஒருபோதும் உயிரோடு இருந்ததில்லை, அதனால் உயிர்ப்பிக்க முடியாது. வார்ஃபோர்ஜ்டுக்கு அந்த விதி பொருந்தாது. மனிதரை எழுப்பும் அதே மந்திரத்தால் அவர்களையும் எழுப்பலாம். அதாவது, அவர்களுக்கு ஆன்மா உண்டு என்பதைப் புத்தகம் சுற்றிவளைத்து ஒப்புக்கொள்கிறது. ஆனால் உயிரோடிருக்கும்போது பூசாரி காயம் ஆற்றினால் மனிதருக்கு முழுப் பலன், இவர்களுக்குப் பாதிதான். (இந்த விதியை முதலில் படித்த அன்றைக்கு, "அரைக் கூலி" என்று ஒருத்தன் சொல்ல எல்லோரும் சிரித்தோம்.) 2019இல் வந்த புதிய புத்தகத்தில் இவர்களை மனிதர் வகையிலேயே சேர்த்து, முழுப் பலனும் கொடுத்துவிட்டார்கள்.

'ரோபோ' என்ற சொல்லே கூலியில்லா வேலையில் பிறந்ததுதான். செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்துக்காக அவருடைய அண்ணன் யோசெஃப் சொல்லிக்கொடுத்த சொல். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையாள் நிலக்கிழாருக்குச் செய்தே தீரவேண்டிய கட்டாய உழைப்பு. 1848இல்தான் அதை அங்கே ஒழித்தார்கள். நம்மூரில் அதற்கு 'வெட்டி' என்று பெயர். இன்று 'வெட்டி வேலை' என்றால் பயனில்லாத வேலை என்று ஆகிவிட்டது. யாருக்குப் பயனில்லாத வேலை என்று யாரும் கேட்பதில்லை.

என்னைத் தூங்கவிடாத விதி இன்னொன்று. உயிர்ப்பிக்க வேண்டுமானால் ஆன்மா சம்மதிக்க வேண்டும். தன்னைக் கூப்பிடுவது யார், அவருடைய குணம் என்ன, அவர் கும்பிடும் தெய்வம் எது என்பதெல்லாம் ஆன்மாவுக்குத் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் வராமல் இருக்கலாம். பழுதுபார்ப்பதில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சூளையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பங்களோடு வேலை செய்தேன். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலிருந்து இருக்கிறது. விடுதலைச் சான்றிதழ் வாங்கினோம், மறுவாழ்வுத் திட்டத்தையும் நானே எழுதினேன்: எல்லோரையும் சொந்த ஊருக்கு அனுப்புவது. வண்டி ஏறும் நேரத்தில் ஒரு அக்கா கேட்டார்: "அந்த ஊருக்குப் போகணுமான்னு எங்கள யாராவது கேட்டீங்களாம்மா? முன்பணம் குடுத்தவன் அங்கதானே இருக்கான்?" முதுகலையில் சமூகவியல் படித்தவள் நான். கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, "போன வாரம் நான் சொன்ன தீர்ப்பு தப்பு" என்று ஆரம்பித்தேன். பூசாரி ஆடும் தம்பி மந்திரத்தை எடுத்தான். அதற்கு ஐயாயிரம் பொற்காசு பெறுமான வைரம் வேண்டும். எல்லோர் பையையும் கொட்டிச் சரிக்கட்டினார்கள். நான் அவளைப் பார்த்துக் கேட்டேன்: "பதினேழு, உன்னைக் கூப்பிடறாங்க. யார்னு உனக்குத் தெரியுது. வர்றியா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை.

"அந்த ஐயாயிரம் யார் கணக்கு?"

"எல்லாரும் போட்டதுதான்" என்றான் பூசாரி.

"நான் எழுந்ததும் அது என் மேல கடனா?"

மேசை அமைதியாகிவிட்டது. பொறிவினைஞர் தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "கடன்லாம் இல்ல. அப்பப்போ கிடைக்கிறதுல தவணையா..."

"எழுதிக் குடு."

எழுதினான். அவள் வாங்கி இரண்டு முறை படித்தாள். "தவணைன்னு ஒரு வார்த்தை இருக்கு. அத அடி."

அடித்தான். மற்ற மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மடித்த பழைய தாளைப் பிரித்தாள். செத்து எழுந்தால் ஒரு நிலை குறையும். ஒன்பதை அடித்து எட்டு என்று எழுதினாள்.

"வர்றேன்" என்றாள்.